பிரேக்குக்கு எண்ணெய் வைத்த மாப்பிள்ளை

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சீர்திருத்தப் போகிறேன் என்று கிளம்புகிறவனைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். என்னை அவர் காப்பாற்றினார். அவருக்கு என்ன வேலையோ, நேரில் வரவில்லை. பதிலுக்குச் சில மனிதர்களை அனுப்பி வைத்தார். அவர்களுக்கு நான் இதுவரை வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. (எங்கள் பக்கத்தில் வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொன்னால், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.) அதனால்தான் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் முதல் பெரிய சண்டை மூளுவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்த சங்கதி இது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை பரீட்சைக்காரர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்பா இல்லை. என் அக்கா கோமதியின் கணவர் சங்கரலிங்கம் பிள்ளை திருநெல்வேலியில் பெயர் சொல்லும் வக்கீல். அத்தான் என்னைத் தம் ஆபீசில் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார். மனுக்களைப் படியெடுப்பது என் வேலை. அதை நான் சுமாராகச் செய்தேன். அவருடைய மோட்டார் காரை ஓட்டுவதும் என் வேலை. அதை மிகுந்த அகம்பாவத்தோடு செய்தேன்.

கார் என்றால் புதுக் கார் இல்லை. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. பத்து வருஷப் பழசு. மேலே கூரை கிடையாது, பக்கத்தில் ரப்பர் ஊதல் உண்டு. முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். மனசு வைத்தால் பத்தாவது சுற்றில் கிளம்பும். மனசு வைக்காவிட்டால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு நாலு சுற்று சுற்றி, சட்டையைப் பிழிந்துகொண்டு போவார்கள்.

அதன் பிரேக்கு பழங்காலத்துப் பிரேக்கு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்பு உருளை, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு வளையம், வளையத்தின் உள்ளே தோல் பட்டை. காலால் மிதித்தால் ஒன்று பிடிக்கும், கைப்பிடியை இழுத்தால் இன்னொன்று பிடிக்கும். பிடிக்கும் என்று சொன்னேனே தவிர, அவசரமாகப் பிடிக்காது. கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமானால், கால் மைலுக்கு முன்பே நிற்கலாம் என்ற எண்ணத்தை வண்டிக்கு மெல்லச் சொல்லத் தொடங்க வேண்டும். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க வாரம் ஒரு முறை விளக்கெண்ணெய் தடவுவோம். துரையின் பழைய டிரைவர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பொறுமை உள்ளவர்களுக்கு அந்த பிரேக்கு போதும். அத்தானுக்குப் பொறுமை உண்டு.

எனக்குத்தான் இல்லை. இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கல்நாரில் நெய்த பிரேக்குப் பட்டை, பழைய கார்களுக்கும் பொருந்தும், தீயிலும் வேகாது. அத்தானிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "கல்லுல நாரு உரிக்கானாக்கும். என் கட்சிக்காரங்ககிட்ட பீஸ் வாங்குத நான்லா அதத் தெனமும் செஞ்சிக்கிட்டிருக்கேன்."

ஆனாலும் மறுக்கவில்லை. நான் கேட்டு அவர் மறுத்தது கிடையாது. சென்னப்பட்டணத்திலிருந்து ரயிலில் பார்சல் வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் முரட்டுச் சாக்குத்துணி போல நாலு பட்டைகள், ஒரு பொட்டலம் செம்பு ஆணிகள், இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள். தாளின் முதல் வரியை மட்டும் படித்தேன். "எங்கள் பட்டையை வாங்கியதற்கு நன்றி" என்று இருந்தது. மரியாதைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு, மிச்சம் வந்த ஆணிகளை அந்தத் தாளிலேயே மடித்து வைத்தேன். (ஆணி மிச்சம் வந்தால் வேலை சுத்தம் என்று அப்போது நம்பினேன்.)

இரண்டு நாள் பாடுபட்டுத் தோலைக் கழற்றிக் கல்நாரைப் பொருத்தினேன். மூன்றாம் நாள் அத்தானையும் அக்காவையும் பின்னால் உட்காரவைத்து ரத வீதியில் ஓட்டி, பாதி வழியில் காலை அழுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. அத்தானின் தலைப்பாகை மட்டும் நிற்காமல் என் தோளைத் தாண்டிப் போய் முன்னால் விழுந்தது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான இயந்திர வேலை அது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

விடவில்லை. காரணம், சத்தம். புதுப் பட்டை இரும்பைக் கவ்வும்போதெல்லாம் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. வீதியில் இருந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே சிதம்பரம், இந்தச் சத்தத்தோடயா நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம்? வாசல்ல போயி நிப்பாட்டுனா அந்தப் புள்ள பயந்து அடுக்களைக்குள்ள ஓடிரும்லே."

ஆமாம், மறுநாள் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. சேரன்மகாதேவிக்குப் போகிற வழியில் ஓர் ஆற்றங்கரை ஊர். (ஊர்ப் பெயரைச் சொன்னால் மாமனார் வகையறாவில் கோபிப்பார்கள்.) அந்தக் காலத்தில் மாப்பிள்ளையே நேரில் போய்ப் பெண்ணைப் பார்ப்பது எங்கள் ஜாதியில் புது நாகரிகம். பெண்ணின் அப்பா நெல்லையப்ப பிள்ளை பெரிய மிராசுதார். அம்மா இல்லாத பெண், பதினாலு வயதிலிருந்து வீட்டையும் களத்தையும் அவளே பார்த்துக்கொள்கிறாள், அப்பாவுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லாததால் பதினெட்டு வயது வரை கல்யாணம் தள்ளிப் போயிற்று என்று தரகர் சொல்லியிருந்தார். பெயர் ஆவுடையம்மாள். இப்படிப்பட்ட பெண் வீட்டு வாசலில் கிறீச்சிட்டுக்கொண்டு போய் இறங்குவதா?

காலையில் எழுந்ததும் எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. தோல் பட்டைக்கு எது நல்லதோ அது கல்நார்ப் பட்டைக்கும் நல்லதுதானே? விளக்கெண்ணெய்க் குப்பியை எடுத்தேன். கால் பிரேக்கு, கைப் பிரேக்கு என்று ஓரவஞ்சனை பார்க்காமல் நாலு பட்டைக்கும் குளிரக் குளிரத் தேய்த்தேன். கல்நார் அதை ஆசையோடு குடித்தது. குடிக்கக் குடிக்க ஊற்றினேன்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். அத்தான் சரிகைத் தலைப்பாகை, நான் புதுக் கோட்டு, அக்கா மடியில் வெற்றிலை பாக்கு பழம் பூ வைத்த வெள்ளித் தாம்பாளம். பேட்டை தாண்டியபோது ஒரு வண்டி மாட்டுக்காக பிரேக்கை மிதித்தேன். சத்தமே இல்லை. நிற்கவும் இல்லை; ஆனால் சத்தம் இல்லாத சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவில்லை. மாடு கவனித்து விலகிக்கொண்டது. அதன் பிறகு சமதரையான ரோடு, இருபக்கமும் வயல், எதிரே ஆளில்லை. நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்த ஊர் ஒரே ஒரு நீளத் தெரு. பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்கும். தெருவின் நடுவில் பெண் வீடு. தெரு முடிகிற இடத்தில் படித்துறை. படித்துறைக்குச் சற்று முன்னால் இடது கைப்பக்கம் ஒரு சந்து திரும்பி, களத்து மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி பெரிய ரோட்டுக்கே வந்து சேரும். இந்தச் சந்தை உண்டாக்கிய புண்ணியவானுக்கு முதல் நன்றி.

தெருவில் இறங்கினோம். பெண் வீட்டு வாசலில் பந்தல் போடாத குறை. நெல்லையப்ப பிள்ளை சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் நின்றார். பின்னால் சொந்தக்காரர்கள். கார் பார்க்க வந்த கூட்டம் வேறு. நான் கம்பீரமாக ஊதலை அமுக்கி, கம்பீரமாக பிரேக்கை மிதித்தேன். கால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கைப் பிரேக்கை இழுத்தேன். அதுவும் வந்தது, சும்மா வந்தது. கூட்டம் கும்பிட்டது. நாங்கள் மூவரும் கும்பிட்டுக்கொண்டே கடந்து போனோம்.

"என்ன மாப்ளே, வீடு அங்கனல்லா இருக்கு?" என்று அத்தான் கேட்டார்.

ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதுதான் மரியாதை என்று சொன்னேன். சந்தில் திருப்பி, களத்து மேட்டைச் சுற்றி, மேலே ஏறி வந்தேன். வேர்வை என் புதுக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. என்ஜினை அணைத்தால் வண்டி எப்படியும் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் அணைத்தால் பிறகு பெண் வீட்டார் பார்க்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஐம்பது பேருக்கு முன்னால் மாப்பிள்ளை குனிந்து குனிந்து எழுவதா? ஆகவே இந்த முறை மிக மெதுவாகப் போய், மிதித்து நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மெதுவாகத்தான் போனேன். மனிதன் நடக்கிற வேகம். வாசலுக்கு நேரே வந்ததும் மிதித்தேன். வண்டி அதே நடையில் நடந்தது. நெல்லையப்ப பிள்ளை கூடவே நடந்தார்.

"வாங்க வாங்க வக்கீலய்யா, எறங்குங்க" என்றார்.

"இந்தா எறங்கிருதோம் அண்ணாச்சி" என்றார் அத்தான், நகர்ந்துகொண்டே.

அவர் அத்தான் கையில் சந்தனம் பூசினார். நாலு எட்டு நடந்து என் கையிலும் பூசினார். நான் காலை அழுத்திக்கொண்டே சிரித்தேன். சரிவு கூடக்கூட அவர் நடை ஓட்டமாகியது. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொடுக்க வேண்டியதையாவது கொடுத்துவிடுவோம் என்று அக்காவுக்குத் தோன்றியதோ என்னவோ, கதவுக்கு மேலே எட்டித் தாம்பாளத்தை அவர் கையில் திணித்தாள். அவரும் ஓடிக்கொண்டே அதை வாங்கிக்கொண்டார். இரண்டு வாழைப்பழங்கள் உருண்டன. மறுபடி சந்துக்குள் திரும்பினோம்.

"சிதம்பரம்," என்றார் அத்தான். வழக்கமாக மாப்ளே என்பவர் பேரைச் சொன்னார். "நிப்பாட்ட முடியலையோ?"

முடியவில்லை என்றேன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா தாலியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இன்னும் பதறியிருப்பேன். அந்த மௌனத்துக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன்.

கௌரவம் போனால் போகிறது என்று, மூன்றாம் முறை தெருவின் தொடக்கத்திலேயே என்ஜினை அணைத்தேன். கியரில் விட்டுவிட்டு அணைத்திருந்தால் என்ஜினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். ஆனால் நான் கிளச்சையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்கு எந்தத் தடையும் இல்லை. சத்தமும் இல்லை. தெருவும் சரிவு. வண்டி தேர்ச்சக்கரம் போல் உருளத் தொடங்கியது, வேகமாக, இன்னும் வேகமாக. பெண் வீட்டு வாசலில் இந்த முறை யாரும் கும்பிடவில்லை. சுவரோரம் ஒதுங்கினார்கள். திரும்ப வேண்டிய சந்தின் வாயில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்றது. நேரே பார்த்தால் படித்துறை. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள், அவர்களுக்கு அப்பால் தாமிரபரணி. ஊதலை அமுக்கத் தோன்றவில்லை. "ஏ விலகுங்க, விலகுங்க" என்று கத்தினேன். குரல் வெளியே வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் பார்த்தேன். படித்துறைக்கும் எனக்கும் நடுவே, தெருவை அடைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் மதில். வைக்கோல். இரண்டு ஆட்கள் அந்த மாட்டு வண்டியின் மேலே நின்று கட்டுக் கட்டாய் எறிந்துகொண்டிருந்தார்கள். கீழே ஒரு பெண், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டுப் புடவையோடு, எந்தக் கட்டு எங்கே விழ வேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டு விழவும் அவள் விலகவும் நாங்கள் உள்ளே போகவும் சரியாக இருந்தது.

பிறகு இருட்டு, தூசி, தும்மல். அக்கா பக்கத்தில் எங்கோ முருகனைக் கூப்பிட்டாள். அத்தான் தமக்கு ஒன்றுமில்லை என்று அறிவித்தார். நான் வைக்கோலை விலக்கித் தலையை வெளியே நீட்டினேன். நாலு முழ தூரத்தில் அந்தப் பெண் நின்றாள். நான் பெண் பார்த்தது அப்படித்தான். அவள் மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான்.

நாங்கள் இரண்டு முறை நிற்காமல் போனதைப் பார்த்ததுமே களத்து வைக்கோல் வண்டியை அங்கே வரவழைத்தவள் அவள்தானாம். அவள் என்னிடம் பேசவில்லை. வெளியே வந்த அக்காவின் தலையிலிருந்து வைக்கோலை எடுத்துக்கொண்டே அவளிடம் கேட்டாள்: "வெளக்கெண்ண வாடை அடிக்கு அக்கா. நிப்பாட்டுத எடத்துல எண்ணெயப் போட்டாகளா?"

அதற்குள் நெல்லையப்ப பிள்ளையும் சொந்தக்காரர்களும் ஓடி வந்துவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டை சரியில்லை என்று சொல்லலாம். சென்னப்பட்டணத்துக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம். வக்கீல் குமாஸ்தாவுக்குப் பொய்யா பஞ்சம்? ஆனால் வாயைத் திறந்ததும் உள்ளே இருந்த வைக்கோலோடு உண்மையும் வந்துவிட்டது.

"ஆமா. காலையில நாந்தான் போட்டேன். கிறீச்சுன்னு சத்தம் வந்தது. வீட்டுல பயந்துருவாகன்னு போட்டேன்."

பெண்ணின் சித்தப்பா, பெரிய மீசைக்காரர், தம் கருத்தைச் சொன்னார். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதவனுக்கா பெண்ணைக் கொடுப்பது, வண்டியை மாடு கட்டி இழுத்து அனுப்பிவிடலாம் என்பது அதன் சாரம். நியாயமான கருத்து. நானே கைதூக்கியிருப்பேன், கை வைக்கோலில் மாட்டியிருந்தது.

நெல்லையப்ப பிள்ளை இன்னும் தாம்பாளத்தைக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்தார். எங்கள் வழக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் பெண்ணின் அப்பா கையில் வாங்கிவிட்டால் சம்பந்தம் நிச்சயம் என்று அர்த்தம்.

"தட்டக் கையில வாங்கிட்டேனே தம்பி," என்றார் மீசைக்காரரிடம்.

"ஓடிக்கிட்டுல்லா வாங்குனிய அண்ணாச்சி. அது செல்லுமா?"

சட்டப் பிரச்சினை எழுந்ததும் எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள். அத்தான் தலைப்பாகையிலிருந்து வைக்கோலைத் தட்டிவிட்டு, தட்டை நாங்கள் திரும்பக் கேட்க மாட்டோம், ஆனால் அவர்கள் திருப்பித் தந்தால் மனவருத்தம் இல்லாமல் வாங்கிக்கொள்வோம் என்றார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

நெல்லையப்ப பிள்ளை மகளிடம் திரும்பினார். "நீ என்ன தாயி சொல்லுத?"

அவள் முந்தானையை அவிழ்த்துத் தோளில் போட்டாள். தரையைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் பைய, தெளிவாக. "நாம பயந்துருவோம்னு நெனச்சுத்தான போட்டிருக்காக. கேட்டதும் மறைக்காமச் சொல்லிட்டாகள்ளா." சற்று நிறுத்திவிட்டு, "வெயில்ல நிக்காக. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள்.

இன்றைக்கும் அந்த இடத்துக்கு வரும்போது என் பேனா கொஞ்சம் நின்றுதான் போகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை வைக்கோலிலிருந்து இழுத்தார்கள். முன் விளக்கு ஒன்று நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் குடித்த பட்டையை என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெரிய சட்டி வெந்நீரும், ஒரு கிண்ணம் சீயக்காய்த் தூளும் வந்தன. எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போட்டு முழுக வேண்டியதுதானே என்று உத்தரவு. நானும் களத்து ஆட்களும் உட்கார்ந்து நாலு பட்டைகளையும் சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். பிறகு பெட்ரோலில் அலசி வெயிலில் காயவைத்தோம். மீசைக்காரச் சித்தப்பாவே வந்து குந்தி ஒரு பட்டையைத் தேய்த்தார். அத்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆணிப் பொட்டலத் தாளை விரித்து உரக்கப் படித்தார். நாலாவது வரி: இந்தப் பட்டையில் எக்காரணம் கொண்டும் எண்ணெய் படக்கூடாது.

"சிதம்பரம், நாலு வரி," என்றார் என்னைப் பார்த்து. "கோர்ட்டு மனுவையாவது முழுசாப் படியெடுப்பா." அவர் என்னைக் கண்டித்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் புறப்பட்டோம். தெரு முனையில் சோதித்துப் பார்க்க பிரேக்கை மிதித்தேன். கிறீச்சென்று ஊரே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை மிதிக்கச் சொன்னாள். திருநெல்வேலி வரைக்கும் அவசியம் இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் மிதித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கல்நார்ப் பட்டை அதன் பிறகு ஆறு வருஷம் உழைத்தது. ஒரு முறை கூட ஏமாற்றவில்லை. அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அடுத்து வந்த தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனேன் (ரயிலில்). விடிவதற்கு முன்னால் மனையில் உட்காரவைத்து, மாமனாரே என் தலையில் எண்ணெய் வைத்தார். வைத்துவிட்டு மீசைக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, "ஏலே, மாப்பிள்ளை காலப் புடிச்சிக்கோ. எண்ண பட்டா நிக்க மாட்டாரு" என்றார். அடுக்களையிலிருந்து ஆவுடை சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது சடங்காகிவிட்டது. மாமனார் போனார், சித்தப்பா போனார், அத்தானும் போய்விட்டார். என் பிள்ளைகள் பிடித்தார்கள், இப்போது பேரப்பிள்ளைகள் பிடிக்கிறார்கள். போன தீபாவளிக்கு, ஆவுடை என் தலையில் எண்ணெய்க் கையை வைத்ததும் இரண்டு வாண்டுகள் ஓடி வந்து ஆளுக்கொரு காலைக் கட்டிக்கொண்டார்கள். சின்னவனுக்கு மூன்று வயது. எதற்குப் பிடிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. என் முழங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "ஆச்சி, தாத்தா நின்னுட்டாரு" என்று அவளுக்குச் செய்தி சொன்னான்.